கல்லின் கோணத்தை எதைக் கொண்டு அளப்பது?

குரோம்பேட்டையில் ஒரு பள்ளியின் அறிவியல் மன்றத்தை நடத்தும் ஆசிரியை ஒருவர் சென்ற மாதம் ஒரு தகரத் தட்டை என் மேசைமேல் வைத்தார். மாணவர்கள் விடுமுறைப் பயணங்களில் சேர்த்த முப்பத்தெட்டுக் கற்கள் அதில் இருந்தன. படிகத்தின் முகங்களுக்கு இடையே உள்ள கோணத்தை அளந்தால் கனிமம் இன்னதென்று சொல்லிவிடலாம் என்று எங்கோ படித்திருக்கிறார். மன்றத்தின் கையில் இருக்கும் சிறு தொகைக்கு எந்தக் கருவியை வாங்கலாம் என்பதே அவருடைய கேள்வி. அவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: சட்டங்களைக் கல்லின்மேல் பொருத்தி அளக்கும் தொடுகோணமானி, கைப்பேசியில் படம் எடுத்துத் திரையில் அளப்பது, ஒளியை எதிரொளிக்கச் செய்து அளக்கும் கருவி. நான்காவதாக, கல்லைப் பொடித்து எக்ஸ் கதிர் ஆய்வகத்துக்கு அனுப்பும் வழியும் உண்டு. அவருக்கு நான் சொன்னவற்றையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் கோணத்தை ஏன் நம்பலாம் என்பதைப் பார்ப்போம். ஒரே கனிமத்தின் இரண்டு படிகங்கள் பருமனிலும் நீளத்திலும் எவ்வளவு வேறுபட்டாலும், ஒன்று நசுங்கியும் மற்றொன்று நெடிதாகவும் வளர்ந்திருந்தாலும், ஒத்த முகங்களுக்கு இடையே உள்ள கோணம் மாறுவதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டீனோ குவார்ட்ஸ் படிகங்களில் இதைக் கண்டு 1669-இல் எழுதினார். பிரான்ஸில் ரோமே தெ லீல், தம்முடைய உதவியாளர் கராஞ்சோ செய்துகொடுத்த தொடுகோணமானியைக் கொண்டு ஏராளமான படிகங்களை அளந்து, 1783-இல் இதை எல்லாக் கனிமங்களுக்கும் உரிய விதியாக நிறுவினார். ஆங்கிலேயரான வொல்லாஸ்டன் 1809-இல் எதிரொளிப்புக் கோணமானியைக் கொண்டுவந்த பிறகு, பாகையில் நின்றிருந்த அளவு நிமிடத்துக்கு, அதாவது பாகையின் அறுபதில் ஒரு பங்குக்கு, இறங்கியது. அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கே முகங்களின் திசையைத் தீர்மானிக்கிறது என்பதால்தான் கோணம் மாறாமல் நிற்கிறது என்று 1912-க்குப் பிறகு எக்ஸ் கதிர்கள் காட்டின.

கருவியை வாங்க நினைக்கும் பலர், எது மிகவும் நுட்பமானது என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி இரண்டாவதாக வரவேண்டியது. எந்த இரண்டு கனிமங்களுக்கு நடுவே சந்தேகம், அவற்றின் கோணங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை முதலில் பார்க்கவேண்டும். இடைவெளி பத்துப் பாகையாக இருந்தால் அட்டையில் வெட்டிய கருவியே போதும். பத்து நிமிடமாக இருந்தால் மிக நல்ல கருவியும் திணறும். இடைவெளியே இல்லாவிட்டால் எந்தக் கருவிக்கும் அங்கே வேலையில்லை.

இடைவெளியே இல்லாத நிலை அரிதானதன்று. உப்பு, கலீனா, ஃபுளோரைட், பைரைட் ஆகிய நான்கும் கனசதுரங்களாகப் படிகமாகும்போது எல்லா முகங்களும் 90 பாகையிலேயே சந்திக்கின்றன. கனசதுரத் தொகுதியில் கோணங்களைச் சமச்சீரே முழுதாக நிர்ணயித்துவிடுவதால், அந்தந்தக் கனிமத்துக்கென்று தனியாக ஒரு கோணம் மிஞ்சுவதில்லை. பைரைட்டில் ஐங்கோண முகங்கள் பன்னிரண்டு கொண்ட வடிவம் வரும்போது கனசதுரமில்லை என்று தெரியும், அவ்வளவே. தட்டில் இருந்த கற்களில் ஏழு இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றை நான் அளக்காமலே ஒதுக்கினேன்; எடையும் கீறலும் பொடியின் நிறமும் அவற்றைப் பிரித்துவிடும்.

ஒதுக்கவேண்டிய இன்னொரு கூட்டமும் உண்டு. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டிலிருந்து வந்திருந்த வெள்ளை மேக்னசைட் துண்டுகள் இரண்டும், பார்வைக்கு உடைந்த பீங்கான் போல, முகமோ பிளவுத்தளமோ (கல் உடையும்போது தட்டையாகப் பிரியும் தளம்) இல்லாமல் இருந்தன. அங்கே கிடைக்கும் மேக்னசைட்டின் படிகத் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. தென்கடற்கரை மணலில் கிடைத்த கரிய, செம்மையான குருணைகளும் அப்படியே. அலை உருட்டி உருட்டி அவற்றின் விளிம்புகளை மழுக்கிவிட்டது. அந்த மணலில் வரும் சிர்க்கான், ரூட்டைல் என்னும் கனிமங்கள் தேயாத நிலையில் கிடைத்தால்கூட, அவற்றின் கூம்பு முகங்களுக்கு இடையே உள்ள கோணங்கள் முறையே 123 பாகை 20 நிமிடம், 123 பாகை 8 நிமிடம். பன்னிரண்டு நிமிட இடைவெளியை நம்பி ஒரு பள்ளி மன்றம் இறங்கக்கூடாது.

இனி, அளக்கத் தகுந்தவற்றுக்கு வருவோம்.

தொடுகோணமானி என்பது ஒரு பாகைமானியும் அதன் மையத்தில் சுழலும் சட்டமும் மட்டுமே. மாணவர்களின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியை எடுத்து, மையத்தில் துளையிட்டு, கெட்டியான ஒளிபுகும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் சிறு திருகால் இணைத்தால் கருவி தயார். ஜெராக்ஸ் கடையில் ஓஎச்பி தாளில் பாகைக் கோடுகளை அச்சிட்டும் செய்யலாம். செலவு சில பத்து ரூபாய்க்குமேல் போகாது. இதில் கவனமான கைக்கு அரைப் பாகையும், அவசரக் கைக்கு ஒரு பாகையும் பிழை வரும். பிழை பெரும்பாலும் கருவியில் இருந்து வருவதில்லை, பிடிக்கும் விதத்தில் இருந்து வருகிறது. இரண்டு முகங்களும் சந்திக்கும் விளிம்புக்குக் கருவியின் தளம் செங்குத்தாக இருக்கவேண்டும். 120 பாகை விளிம்பில் கருவி 10 பாகை சாய்ந்துவிட்டால் விடை ஏறக்குறைய முக்கால் பாகை விலகும். ஜன்னலுக்கு எதிரே கல்லைத் தூக்கிப் பிடித்து, சட்டத்துக்கும் முகத்துக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பொருத்தினால் இந்தப் பிழை பெரிதும் குறையும்.

இந்த எளிய கருவிக்கு எட்டாதது என்று பலர் நினைப்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். தட்டில் அறுகோணத் தூண் வடிவில் மூன்று படிகங்கள் இருந்தன. ஒன்று நிறமற்றது, ஒன்று வெளிர்பச்சை, ஒன்று மங்கிய நீலம். குவார்ட்ஸ், அபடைட், பெரில் ஆகிய மூன்றில் எதுவாகவும் அவை இருக்கலாம். தூணின் பக்கங்களை அளந்து பயனில்லை, மூன்றிலும் அது 120 பாகைதான். மாணவர்கள் முதலில் அளப்பதோ அதைத்தான். அளக்கவேண்டியது தூண் முகமும் அதன் தலைமேல் சாயும் கூம்பு முகமும் சந்திக்கும் விளிம்பை. குவார்ட்ஸில் அது 141 பாகை 47 நிமிடம், அபடைட்டின் வழக்கமான கூம்பில் 130 பாகை 18 நிமிடம், பெரிலில் 119 பாகை 57 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்துப் பாகைக்குமேல் இடைவெளி இருக்கும்போது ஒரு பாகைப் பிழை ஒரு பொருட்டே இல்லை. நிறமற்ற கல்லில் 142, வெளிர்பச்சையில் 130 என்று வந்தன. நீலக் கல்லின் தலை தட்டையாக இருந்ததால் அதில் அளக்கக் கூம்பே இல்லை. பெரில் பெரும்பாலும் இப்படித் தட்டைத் தலையோடுதான் வளரும் என்பதால், கோணம் கைவிட்ட அந்த இடத்தில் அந்த வடிவமே ஒரு குறிப்பாகிவிட்டது. குவார்ட்ஸைக் கீறும் கடினத்தன்மை மீதியைச் சொல்லிற்று.

அட்டவணையைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. கனிமவியல் நூல்களில் பெரும்பாலும் முகங்களுக்குச் செங்குத்தாக வரையப்பட்ட கோடுகளுக்கு இடையே உள்ள கோணமே அச்சாகியிருக்கும். தொடுகோணமானி காட்டுவது கல்லுக்குள் இருக்கும் கோணம். இரண்டையும் கூட்டினால் 180. குவார்ட்ஸுக்கு நூலில் 38 பாகை 13 நிமிடம் என்று கண்டு, கையில் 142 வந்ததால் குழம்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாறைக்குள் புதைந்த கனிமங்களில் முகங்களைவிடப் பிளவுத்தளங்களே கிடைக்கும். ஆம்பிபோல் என்னும் கனிம வகையில் இரண்டு பிளவுகள் 56, 124 பாகைகளிலும், பைராக்சீனில் 87, 93 பாகைகளிலும் சந்திக்கின்றன. கறுத்து நீண்ட இவ்விரண்டையும் பிரிக்க இதைவிட நல்ல வழி கையில் இல்லை. நங்கநல்லூரில் என் வீட்டு மாடியில் நின்றால் தெரியும் பரங்கிமலையின் பாறையே இதற்குச் சான்று. கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் சார்னகைட் என்று பெயரிட்ட பாறை, பரங்கிமலை, பல்லாவரம் பகுதியின் பாறையே. அதில் இருக்கும் ஹைப்பர்ஸ்தீன் ஒரு பைராக்சீன். உடைந்த பரப்பில் அதன் பிளவுகள் சிறு படிக்கட்டுகள் போலத் தெரியும். அந்தப் படிகள் ஏறக்குறையச் செங்கோணமாக இருப்பதைக் கருவியே இல்லாமல் கைலென்ஸில் பார்த்துவிடலாம். ஆனால் குருணை மூன்று மில்லிமீட்டர்தான் என்றால் எந்தச் சட்டத்தையும் அதில் பொருத்த முடியாது. தொடுகோணமானியின் எல்லை அங்கே முடிகிறது. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த முகங்களில் நான் அதை நம்புவதில்லை.

கைப்பேசியின் இடம் இந்தச் சிறு குருணைகளில்தான். நுண்ணோக்கு லென்ஸ் ஒன்றைக் கைப்பேசியில் மாட்டி, விளிம்பு நேராக லென்ஸை நோக்கி ஒரு புள்ளியாகத் தெரியும்படி கல்லைக் களிமண்ணில் நிறுத்தினால், இரு முகங்களும் இரண்டு கோடுகளாகச் சுருங்கிவிடும். அந்தக் கோடுகளுக்கு இடையே உள்ள கோணத்தைப் படத்தில் அளக்க இலவச மென்பொருள்கள் உண்டு. கல் ஐந்து பாகை சாய்ந்திருந்தாலும் 120 பாகைக் கோணத்தில் பிழை கால் பாகைக்குள் அடங்கிவிடும் என்பது இந்த முறையின் நல்ல குணம். கெட்ட குணம் பார்வைக் குறுக்கம். இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள படிகத்தைப் பத்து சென்டிமீட்டர் தொலைவில் இருந்து எடுத்தால், அருகே உள்ள முனை தொலைவில் உள்ள முனையைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிந்து, கோடாக இருக்கவேண்டிய முகம் பட்டையாக விரியும். பெரிய கல்லை ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பெரிதாக்கி எடுக்கவேண்டும். அப்படி எடுக்க இடமும் பொறுமையும் இருக்கும்போது சட்டத்தை வைத்தே அளந்துவிடலாமே என்பது என் எண்ணம்.

இந்த முறையில் நானே ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில் கிடைத்த கண்ணாடி போன்ற பிளவுத் துண்டு ஒன்றை மேசையில் வைத்து, நேர்மேலே இருந்து படம் எடுத்து அளந்தேன். 102 பாகை வந்தது. கால்சைட்டின் பிளவுக் கோணம் 105 பாகை 5 நிமிடம். மூன்று பாகை குறைவதால் இது கால்சைட் இல்லை என்று முடிவுகட்டி, ஒரு மாலைப்பொழுது முழுவதும் அட்டவணையில் 102-ஐத் தேடினேன். மறுநாள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டதும் சோடாவைப் போலப் பொங்கிற்று, கால்சைட்டேதான். நான் அளந்தது இரண்டு முகங்களுக்கு இடையே உள்ள கோணத்தை அல்ல, ஒரே முகத்தின் சாய்சதுர மூலையை. அது கால்சைட்டில் சுமார் 102 பாகைதான். நேர்மேலே இருந்து எடுத்த படத்தில் கண்ணுக்குப் படுவது முகத்தின் வடிவம். நமக்கு வேண்டியதோ விளிம்பின் வழியே பார்க்கும் கோணம். மாணவர்கள் கையில் கைப்பேசியைக் கொடுத்தால் பத்தில் எட்டுப் பேர் இதே பிழையைத்தான் செய்வார்கள்.

அதே கால்சைட்டைக் கொண்டு எதிரொளிப்பு முறையின் மதிப்பையும் எடைபோடலாம். கால்சைட் 105 பாகை 5 நிமிடம், டோலமைட் 106 பாகை 15 நிமிடம், சிடரைட் 107 பாகை. உருவத்தில் ஒன்றுபோல இருக்கும் இம்மூன்றும் வெவ்வேறு கோணம் உடையவை என்று காட்டியவர் வொல்லாஸ்டன்தான். தொடுகோணமானியால் அதுவரை அது முடியவில்லை. ஒரு பாகைச் சொச்ச இடைவெளியைப் பிடிக்க அரைப் பாகைப் பிழையுள்ள கருவி போதாது, பத்து முறை அளந்து சராசரி எடுத்தால் மட்டுமே ஓரளவு சொல்லலாம்.

எதிரொளிப்புக் கோணமானியைப் புதிதாக வாங்குவது என்பது மன்றத்துக்குக் கட்டுப்படியாகாது, வாங்கவும் தேவையில்லை. நம் ஊரில் இயற்பியல் பட்டப்படிப்பு உள்ள ஏறக்குறைய எல்லாக் கல்லூரியின் ஆய்வகத்திலும் அந்தக் கருவி வேறு பெயரில் இருக்கிறது. முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரைச் செய்முறைத் தேர்வுக்காகப் பயன்படுத்தியவர்கள் பலர் இருப்பார்கள். அதன் வெர்னியர் அளவுகோல் ஒரு நிமிடம் வரை காட்டும். முப்பட்டகம் இருக்கவேண்டிய மேடையில் படிகத்தை வைத்தால் அதுவே வொல்லாஸ்டனின் கருவி. ஒளியை இணைக்கதிர்களாக்கும் குழாயான இணையாக்கியின் குறுகிய துளையிலிருந்து வரும் ஒளி ஒரு முகத்தில் பட்டுத் திரும்பித் தொலைநோக்கியின் குறுக்குக் கம்பியில் விழும்படி மேடையைத் திருப்பி, அளவைக் குறித்துக்கொள்ளவேண்டும். தொலைநோக்கியை அசைக்காமல் மேடையை மட்டும் திருப்பி அடுத்த முகத்தின் பிம்பத்தை அதே கம்பிக்குக் கொண்டுவந்தால், இரண்டு அளவுகளின் வித்தியாசமே செங்குத்துக்கோடுகளுக்கு இடையே உள்ள கோணம். நூலில் இருக்கும் எண்ணும் அதுவே என்பதால் 180-இலிருந்து கழிக்கும் வேலைகூட இல்லை. மட்டத் திருகுகளைக் கொண்டு விளிம்பைச் சுழலச்சுக்கு இணையாக நிறுத்துவதுதான் நேரம் எடுக்கும். முதல்முறை எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று, அதற்குள் களிமண் இளகிக் கல் சாய்ந்து மறுபடியும் தொடங்கவேண்டியிருந்தது.

ஆனால் நிமிடக் கணக்கில் அளக்கும் கருவி இருக்கிறது என்பதால் கல்லும் நிமிடக் கணக்கில் ஒழுங்காக இருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. குவார்ட்ஸ் தூணின் முகங்களில் கிடையாக நுண்வரிகள் ஓடும். தூண் முகத்துக்கும் கூம்பு முகத்துக்கும் இடையே அளக்கும்போது அந்த வரிகள் பிம்பத்தை நாம் அளக்கும் திசையிலேயே இழுத்துப் பரப்பிவிடுவதால், ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக ஒளிப்பட்டை ஒன்று தெரியும். அதில் எந்த இடத்தில் கம்பியை வைப்பது என்பது அவரவர் ஊகம். அடுத்தடுத்த இரண்டு கூம்பு முகங்களை அளப்பது மேல், அவை பொதுவாக வழவழப்பானவை. குவார்ட்ஸில் அவற்றின் செங்குத்துக்கோடுகளுக்கு இடையே உள்ள கோணம் 46 பாகை 16 நிமிடம். மங்கிய முகத்தில் நுண்ணோக்கிக்குப் பயன்படும் கவர் கிளாஸின் சிறு துண்டை ஒரு துளி எண்ணெயால் ஒட்டி எதிரொளிக்கச் செய்யும் பழைய உத்தியும் உண்டு. எண்ணெய்ப் படலம் ஒருபக்கம் தடித்துவிட்டால் நிமிடக் கணக்கெல்லாம் போய்விடும். பெரிய பாறைத் துண்டில் பொதிந்த படிகத்தை மேடையில் ஏற்றவே முடியாது என்பதையும் மறக்கக்கூடாது.

மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு லேசர் சுட்டியை வாங்கி, சுழலும் தட்டில் கல்லை வைத்து, மூன்று மீட்டர் தள்ளியுள்ள சுவரில் புள்ளியைப் பார்க்கும் வீட்டுக் கருவியைப் பற்றி ஆசிரியை கேட்டார். கல் ஒரு பாகை திரும்பினால் கதிர் இரண்டு பாகை திரும்பும். அந்தத் தொலைவில் புள்ளி பத்து சென்டிமீட்டருக்குமேல் நகரும் என்பதால் பார்க்க அழகாகவும், எதிரொளிப்பை விளக்கச் சிறப்பாகவும் இருக்கும். துல்லியத்தைத் தட்டின் பாகைக் கோடுகள்தான் தடுக்கின்றன. பதினைந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டில் ஒரு பாகை என்பது 1.3 மில்லிமீட்டர்தான். அதோடு, முப்பது பிள்ளைகள் உள்ள அறையில் பளபளக்கும் முகங்களில் பட்டுத் திரும்பும் லேசரை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எக்ஸ் கதிர் வழியைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. சிறு துளிப் பொடி போதும், முகம் தேவையில்லை, கனசதுரக் கனிமங்களும் சேலத்து மேக்னசைட்டும்கூட அதில் தப்ப முடியாது. செம்பு இலக்கில் எக்ஸ் கதிரை உண்டாக்கும் கருவியில், கதிர் விலகும் கோணத்தைக் காட்டும் வரைபடத்தில், கால்சைட்டின் முதன்மைக் கோடு 29.4 பாகையிலும் டோலமைட்டின் கோடு 30.9 பாகையிலும் விழும். சென்னையில் இந்த வசதியுள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணம் செலுத்தி மாதிரியை அனுப்பலாம். பள்ளி மன்றம் ஒவ்வொரு கல்லுக்கும் அதைச் செய்யக்கூடாது என்பதற்குச் செலவு ஒரு காரணம். கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் வேலையே மாணவருக்கு இல்லாமல் போய்விடும் என்பது எனக்குப் பெரிய காரணம்.

ஆசிரியைக்கு நான் சொன்ன முடிவு இதுதான். பணம் கொடுத்து எதையும் வாங்கவேண்டாம். பிளாஸ்டிக் பட்டையால் ஆறு தொடுகோணமானிகளைப் பிள்ளைகளே செய்யட்டும். கைப்பேசியைச் சிறு குருணைகளுக்கு மட்டும், விளிம்பைப் புள்ளியாகப் பார்க்கப் பழகிய பிறகு, பயன்படுத்தட்டும். மிச்சத் தொகையில் ஒரு நல்ல பத்து மடங்கு கைலென்ஸும், அடர்த்தி பார்க்க நூறில் ஒரு கிராம் காட்டும் சிறு தராசும் வாங்கலாம், கால்சைட்டுக்கு 2.7, சிடரைட்டுக்கு 3.9 என்று இருக்கும்போது, தண்ணீரில் தொங்கவிட்டு எடுக்கும் எடையே வெர்னியரைவிட விரைவாகத் தீர்ப்புச் சொல்லும். ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அருகில் உள்ள கல்லூரியில் ஒரு சனிக்கிழமை பிற்பகலைக் கேட்டு வாங்கினால் போதும்.

முப்பத்தெட்டில் பதினாறு கற்களுக்குக் கோணம் உதவிற்று, அவற்றில் பதினான்குக்குத் தொடுகோணமானியே போதுமாக இருந்தது. ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமக் குடும்பத்துத் துண்டுகள் ஐந்தும் அதில் அடக்கம்: இரண்டு பிளவுகளும் 90 பாகையில் சந்தித்தவை ஆர்த்தோகிளேஸ் பக்கமும், 86-ஐ ஒட்டி வந்தவை பிளேஜியோகிளேஸ் பக்கமும் போயின. பிளேஜியோகிளேஸில் எந்த வகை என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். அந்த வகைகளின் கோணங்கள் எல்லாம் ஒரு பாகைக்குள் நெருங்கி நிற்பதால், அவளுடைய இரண்டு துண்டுகளை மட்டும் தனியே ஒரு டப்பியில் போட்டு அந்தச் சனிக்கிழமைக்காக எடுத்து வைத்திருக்கிறோம்.